கடலோரமாக, கார் வராத பாதையில் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம்?

கேள்வி இது: "நான், மனைவி, 11 வயது மகள், 68 வயது அப்பா. நால்வருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும். சென்னையில் ஈ.சி.ஆர். பக்கம் ஓட்டிப் பார்த்தோம். பஸ்ஸும் காரும் உரசிக்கொண்டு போனதில் மகள் மிரண்டுவிட்டாள். வெளிநாட்டில், கடலை ஒட்டியே, மோட்டார் வண்டி வராத பாதையில் நான்கைந்து நாள் சுற்ற ஆசை. ஜப்பானின் ஷிமனாமி பாதையைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அது எங்களுக்குச் சரிப்படுமா, வேறு இடம் இருக்கிறதா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போக வேண்டிய இடம் இத்தாலியின் வடமேற்கு மூலை. பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், லிகூரியா கடற்கரையில், சான் லொரென்சோ அல் மாரே என்ற சின்ன ஊரில் தொடங்கி சான்ரேமோ வழியாக ஒஸ்பெதலேத்தி வரை 24 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை ஓடுகிறது. ஷிமனாமி மிக நல்ல பயணம்தான். ஆனால் நீங்கள் கேட்பது அங்கே முழுசாகக் கிடைக்காது. காரணத்தை விவரமாகவே சொல்கிறேன். அது பிடிபட்டுவிட்டால், இனி எந்த நாட்டுக் கடலோரப் பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் அது குழந்தைக்கு ஏற்றதா என்று நீங்களே எடைபோட்டுவிடலாம்.

கடலைப் பார்த்த நிலம் எல்லோருக்கும் வேண்டும். ஹோட்டல், பங்களா, துறைமுகம், நெடுஞ்சாலை, வாகன நிறுத்தம் என்று ஒவ்வொரு முழமும் யாராவது ஒருவர் கையில் இருக்கும். சைக்கிள்காரர்களுக்காக இருபது, முப்பது கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த நிலத்தைப் புதிதாகக் கையகப்படுத்தித் தர அரசுகள் எளிதில் முன்வராது. அதனால்தான் "கடலோர சைக்கிள் பாதை" என்று பேர் வாங்கிய பல பாதைகள் துண்டு துண்டாக இருக்கின்றன. மூன்று கிலோமீட்டர் அழகான தனிப்பாதை வரும், அப்புறம் ஒரு ரவுண்டானா, ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் லாரி வாசல், பிறகு சாலையோரத்தில் வெள்ளைக் கோடு போட்ட அரை ஆள் அகலம், மறுபடி தனிப்பாதை. வரைபடத்தில் எல்லாம் ஒரே பச்சைக் கோடாகத் தெரியும். பயந்த குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்தப் பச்சைக் கோட்டில் எங்கெங்கே கார் வரும் என்பதுதான் கேள்வியே.

இதற்குப் பெரிய விதிவிலக்கு ஒன்று உண்டு: கைவிடப்பட்ட ரயில் தடம். எங்கே ஒரு காலத்தில் தண்டவாளம் கடலை ஒட்டிப் போய், பிறகு அது உள்ளே நகர்த்தப்பட்டதோ, அங்கே நீளமான, அறுபடாத, கார் புகாத பாதை கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலம் ஏற்கெனவே ஒரே உரிமையாளரின் கையில், ஒரே நாடாவாக இருக்கிறது. சாலைகளோடு அது சேரும் பல இடங்களில் மேம்பாலமோ சுரங்கமோ அந்தக் காலத்திலேயே கட்டியாகிவிட்டது.

லிகூரியாவில் நடந்தது இதுதான். அங்கே மலை நேராகக் கடலில் இறங்குகிறது. சமவெளி என்று சொல்லக் கைப்பிடி நிலம்தான் உண்டு. 1872இல் சவோனாவிலிருந்து வென்திமீலியா வரை ரயில் பாதை போட்டபோது பொறியாளர்களுக்குக் கரை விளிம்பைத் தவிர வேறு இடமில்லை. அலை வந்து மோதும் தடுப்புச் சுவருக்கு மேலேயே ஒற்றைத் தண்டவாளத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த ரயிலில்தான் ஐரோப்பாவின் பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்கச் சான்ரேமோவுக்கு வந்து இறங்கினார்கள். 1874-75 குளிர்காலத்தில் ரஷ்யப் பேரரசி மரியா அலெக்சாந்த்ரோவ்னா வந்து தங்கியதன் நினைவாக, பனைவகை மரங்கள் வரிசைகட்டி நிற்கும் கடலோர வீதிக்கு இன்றும் 'பேரரசி வீதி' என்றுதான் பெயர்.

ஆனால் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தண்டவாளம் ஒரு மதில். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் சுமார் 130 ஆண்டுகள் அது நின்றது. குளிக்கப் போக வேண்டுமானால் கேட் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சுரங்க நடைபாதை எங்கே என்று தேட வேண்டும். ஒற்றைப் பாதை என்பதால் எதிர் ரயிலுக்காக நின்று நின்றுதான் வண்டிகள் போகும். கடைசியில் மலையைக் குடைந்து இரட்டைப் பாதை போட்டு, 2001இல் ரயிலை உள்ளே கொண்டுபோனார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், ஊரைக் கடலிலிருந்து பிரித்து வைத்த அதே மதில்தான் அந்தக் கரையைக் காப்பாற்றியும் வைத்திருந்தது. ரயில் ஓடிய இடத்தில் யாரும் அடுக்குமாடி கட்ட முடியவில்லை, சாலையை அகலப்படுத்த முடியவில்லை. தண்டவாளத்தை எடுத்ததும் 24 கிலோமீட்டருக்குக் கரை விளிம்பு அப்படியே காலியாகக் கிடைத்தது. 2008இலிருந்து பகுதி பகுதியாகச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிட்டார்கள்.

உங்கள் அப்பாவுக்கு முக்கியமான இன்னொரு காரணமும் இந்த ரயிலோடு சேர்ந்தே வருகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏற்றத்தைத் தாங்காது, வழுக்கும். அதனால் ரயில் பொறியாளர்கள் மேட்டைக் குடைவார்கள், பள்ளத்தை நிரப்புவார்கள், திருப்பங்களை நீளமாகப் போடுவார்கள். பக்கத்திலேயே ஓடும் பழைய அவுரேலியா சாலை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிலமுனையிலும் ஏறி இறங்கி வளைந்து போகிறது. சைக்கிள் பாதையோ அதே முனைகளில் சிலவற்றைச் சுரங்கம் வழியாகச் சமமாகக் கடந்துவிடும். பெரும்பாலான இடங்களில் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்றே தெரியாது. முழங்கால் வலி உள்ளவர்கள்கூட ஒரே கியரில் நிதானமாக மிதித்துக்கொண்டு போகலாம். அங்கே எழுபது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர்கள் ஹேண்டில்பாரில் காய்கறிப் பையைத் தொங்கவிட்டபடி சர்வசாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவார்கள்.

பாதையைக் கிழக்கிலிருந்து மேற்காகச் சொல்கிறேன். சான் லொரென்சோ அல் மாரே மீனவர் ஊராக இருந்து விடுமுறை ஊராக மாறியது. குறுகலான சந்துகள், காவி நிறச் சுவர்கள். ஊரை விட்டதும் இடப்பக்கம் கடல் திறந்துகொள்ளும். கடலுக்கும் பாதைக்கும் நடுவில் சில இடங்களில் ஒரு கைப்பிடிக் கம்பி மட்டும்தான். கீழே கருங்கல் பாறைகளில் தண்ணீர் அடிக்கும் சத்தம் சைக்கிள் சத்தத்தை மூழ்கடித்துவிடும். வலப்பக்கச் சரிவில் ஆலிவ் மரங்களும் கண்ணாடிப் பசுமைக்குடில்களும் அடுக்கடுக்காக இருக்கும். இந்தக் கரைக்குப் பூக்களின் ரிவியேரா என்று பெயர் வந்ததே அந்தக் குடில்களால்தான். சான்ரேமோவின் பூச்சந்தை ஐரோப்பா முழுக்கப் பூ அனுப்பிய சந்தை.

அடுத்து சாந்தோ ஸ்தேஃபனோ, ரீவா லிகூரே. இரண்டும் அக்கம்பக்கத்து ஊர்கள். வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த கடற்கொள்ளையர்களைக் கவனிக்க 16ஆம் நூற்றாண்டில் கட்டிய காவல் கோபுரங்களை இந்தக் கரை நெடுகப் பார்க்கலாம். குழந்தைக்குக் கதை சொல்ல வசதியான இடம். பிறகு ஆர்மா தி தாஜா. இந்தப் பாதையில் மணல் கடற்கரை நன்றாக இருக்கும் ஊர் இதுதான், பாதையின் ஏறத்தாழ நடுவில் வேறு இருக்கிறது. தங்குவதற்கு நான் சான்ரேமோவைச் சொல்ல மாட்டேன், ஆர்மாவில் தங்குங்கள். விலை மட்டு, சந்தடி குறைவு, மாலையில் மகளைக் கடலில் இறக்கிவிடலாம். முதல் நாள் மேற்கே, அடுத்த நாள் கிழக்கே என்று இரண்டு பக்கமும் போய்வரத் தோதான ஊர்.

ஆர்மாவுக்கும் சான்ரேமோவுக்கும் நடுவில் கப்போ வெர்தே என்ற முனையைப் பாதை சுற்றிப் போகிறது. அதன் தலைக்கு மேலே இருக்கும் குன்றின் பெயர் போஜ்ஜோ. சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள். 1907இல் தொடங்கிய மிலான் - சான்ரேமோ பந்தயம் ஒரே நாளில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர் ஓட்டும் போட்டி. ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கும். கடைசியில் எல்லோரும் கூட்டமாக வந்து சேர்ந்து வேகத்தில் மட்டும் முடிவு தெரிவது அலுத்துப்போனதால், 1960இல் போஜ்ஜோ ஏற்றத்தையும் 1982இல் சிப்ரெஸ்ஸா ஏற்றத்தையும் வழியில் சேர்த்தார்கள். அந்த இரண்டு குன்றுகளும் உங்கள் பாதைக்கு நேர் மேலேதான் இருக்கின்றன. பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 7 முறை வென்ற பந்தயம் இது. கால் பலத்தில் நம்பிக்கை இருந்தால் ஒரு நாள் அதிகாலையில் நீங்கள் மட்டும் போஜ்ஜோ ஏறி இறங்கிவிட்டு, மற்றவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். அது கார் ஓடும் சாலை என்பதால் மகளைக் கூட்டிப்போகாதீர்கள்.

நீங்கள் மெல்ல மிதிக்கப்போகும் இதே பாதையில் உலகப் பந்தயம் ஒன்றும் நடந்திருக்கிறது. 2015 மே 9 அன்று, இத்தாலியைச் சுற்றிப் பல நாள் நடக்கும் 'ஜிரோ தி இத்தாலியா' பந்தயத்தின் முதல் கட்டம் சான் லொரென்சோவிலிருந்து சான்ரேமோ வரை 17.6 கிலோமீட்டர், அணி அணியாக நேரத்துக்கு ஓட்டும் போட்டியாக, இந்தச் சைக்கிள் பாதையிலேயே நடத்தப்பட்டது. ஆஸ்திரேலிய அணியான ஒரிக்கா கிரீன்எட்ஜ் அதை 20 நிமிடத்துக்குள் முடித்து வென்றது. குடும்பங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போகும் தூரத்துக்கு உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். நடுவில் நிற்காமல் இருந்தால்தான் அதுவும். நிற்காமல் இருக்க முடியாது.

சான்ரேமோவுக்குள் நுழையும் இடத்தில் மேலே ஒரு மாளிகை இருக்கிறது. அது ஆல்ஃபிரட் நோபலின் வீடு. டைனமைட்டைக் கண்டுபிடித்தவர் கடைசி ஆண்டுகளில் இங்கேதான் வாழ்ந்தார். தோட்டத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். 1896 டிசம்பர் 10 அன்று இந்த வீட்டில்தான் இறந்தார். நோபல் பரிசு ஆண்டுதோறும் டிசம்பர் 10இல் வழங்கப்படுவது அதனால்தான். பல ஆண்டுகள் ஸ்டாக்ஹோம் விழா மேடையை அலங்கரித்த பூக்கள் சான்ரேமோவிலிருந்தே போயின. மகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். பாடப்புத்தகத்தில் வெறும் பெயராகப் படித்த ஒருவர் நடந்த தோட்டத்துக்குக் கீழே சைக்கிளை நிறுத்துவது பிள்ளைகளுக்கு மறக்காது.

சான்ரேமோவில் பழைய ரயில் நிலையக் கட்டடம் அப்படியே நிற்கிறது. ரயில் நின்ற பக்கமாக இப்போது சைக்கிள்கள் போகின்றன. அதைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரத்தில் வருவதுதான் இந்தப் பாதையின் உச்சம் என்று நான் நினைப்பது: கப்போ நேரோ சுரங்கம். ஏறக்குறைய 1,750 மீட்டர் நீளம். பளிச்சென்ற வெயிலிலிருந்து உள்ளே நுழையும்போது முதல் சில விநாடிகள் கண் ஒன்றும் பிடிபடாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு வலப்பக்கமாகவே போங்கள். கண் பழகியதும் விளக்கு வெளிச்சத்தில் சுவர் நெடுக மிலான் - சான்ரேமோ பந்தயத்தின் கதை ஆண்டு வாரியாக ஓடுவது தெரியும். ஒவ்வொரு சில மீட்டருக்கும் ஒரு ஆண்டு. மிதிக்க மிதிக்க இருபதாம் நூற்றாண்டு முழுக்கக் கடந்து போகும். உள்ளே காற்று குளிராக இருக்கும். வியர்த்த முதுகோடு நுழைந்தால் அப்பாவுக்குச் சில்லென்று இறங்கும். ஒரு மெல்லிய மேல்சட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் பெல் அடித்து எதிரொலி கேட்பார்கள், அடிக்க விடுங்கள். மறுமுனையில் வெளியே வந்தால் ஒஸ்பெதலேத்தி. அங்கே பாதை முடிகிறது. முடிகிற இடத்தில் 'இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்' என்று சாலையில் இறங்காதீர்கள். அடுத்த ஊரான போர்திகேரா பக்கம் போகும் அவுரேலியா சாலையில் கார் நெரிசல் கடுமை.

திசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலரும் இதை யோசிப்பதில்லை. கடல் தெற்கே, பாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. காலையில் மேற்கே போனால் வெயில் முதுகில், கண்ணில் அடிக்காது. மதியத்துக்குமேல் கிழக்கே திரும்பினால் அப்போதும் வெயில் முதுகில். அதனால் ஒஸ்பெதலேத்தி பக்கம் போகும் நாளில் ஆர்மாவிலிருந்து காலையில் கிளம்பிச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்புங்கள். சான் லொரென்சோ பக்கம் போகும் நாளில் மதியம் தாண்டிக் கிளம்பலாம், திரும்பும்போது அந்திவெயில் எதிரே இருக்கும் என்பதால் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி வேண்டும். இத்தாலியில் எல்லாம் வலப்பக்கம். நம் ஊர்ப் பழக்கத்தில் எதிரே ஆள் வந்தால் கை தானாக இடப்பக்கம் ஒடிக்கும், எதிரே வருபவரும் அதே பக்கம்தான் ஒதுங்குவார். முதல் அரை மணி நேரம் மகளை உங்களுக்கும் மனைவிக்கும் நடுவில் விட்டு ஓட்டுங்கள், பழகிவிடும்.

கார் இல்லை என்பதற்காக ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்தப் பாதையில் கவனிக்க வேண்டியது மற்ற சைக்கிள்கள். பந்தய சைக்கிளில் தலையைக் குனிந்துகொண்டு பறப்பவர்கள், மின்சார சைக்கிளில் பழக்கமில்லாமல் வரும் விடுமுறைக்காரர்கள், நாய்க்கயிற்றைக் குறுக்கே விட்டு நடப்பவர்கள் எல்லோரும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் இது கசகசவென்று நிரம்பிவிடும். அதிலும் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலியே கடற்கரையில்தான் இருக்கும். அந்த நாட்களில் போகவே வேண்டாம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, இல்லாவிட்டால் செப்டம்பர். உங்கள் மகளின் மே விடுமுறைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. மே மாதத்தில் கடல் தண்ணீர் நமக்குக் குளிரும், ஓட்டுவதற்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. அக்டோபர் நடுவுக்குமேல் லிகூரியாவில் மழை கொட்டித் தீர்க்கும்; புயல் அலை கரையை அரித்துச் சில பகுதிகளை மூடிவைப்பதும் உண்டு. எப்போது போனாலும் டிக்கெட் எடுக்கும் முன் தங்கப்போகும் விடுதிக்கு ஒரு வரி எழுதி, பாதை முழுக்கத் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிளை இங்கிருந்து கட்டிச் சுமக்க வேண்டாம். சான் லொரென்சோ, ஆர்மா, சான்ரேமோ மூன்று ஊர்களிலும் பாதையை ஒட்டியே வாடகைக் கடைகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கான அளவு, மின்சார சைக்கிள், இருவர் ஓட்டும் சைக்கிள், பின்னால் இழுக்கும் குழந்தை வண்டி எல்லாம் கிடைக்கும். அப்பாவுக்கு மின்சார சைக்கிள் அவசியமில்லை, ஆனால் எதிர்காற்று அடிக்கும் மதியங்களில் அது பெரிய உதவி. இறங்கி ஏறச் சுலபமாக, குறுக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிளாகக் கேளுங்கள். எடுக்கும்போது கடை வாசலிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். சீட் உயரம், பெல், முன்னும் பின்னும் விளக்கு, நான்கும் சரியாக இருக்க வேண்டும். சுரங்கங்களில் வெளிச்சம் இருந்தாலும் உங்கள் விளக்கு எரிவது பின்னால் வருபவருக்காக. பெரியவர்களுக்கு ஹெல்மெட் அங்கே சட்டப்படி கட்டாயமில்லை. நீங்கள் நால்வரும் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சைவமாக இருந்தாலும். ஃபரினாத்தா என்று ஒன்று கேட்டு வாங்குங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி விறகு அடுப்பில் சுடுகிறார்கள். ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மெத்தென்று, மேலே மிளகு தூவி, காகிதத்தில் வெட்டிக் கொடுப்பார்கள். ஆறினால் சுவை போய்விடும், அடுப்பிலிருந்து எடுத்த நிமிடமே தின்ன வேண்டும். சான்ரேமோவின் சொந்தப் பண்டம் சர்தெனைரா. தடித்த ரொட்டியில் தக்காளி, பூண்டு, ஆலிவ் காய், நெத்திலி வகைக் கருவாடு. மீன் சாப்பிடாதவர்கள் நெத்திலியைக் கவனித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து ஆலிவ் சின்னதாக, கறுப்பும் ஊதாவுமாக இருக்கும். தாஜா ஊரின் பெயரால்தான் அந்த வகையே அறியப்படுகிறது.

நான்கைந்து நாளுக்கு 24 கிலோமீட்டர் போதுமா என்று தோன்றும். போதும். ஒரு நாள் மேற்கே, ஒரு நாள் கிழக்கே, ஒரு நாள் சைக்கிளுக்கு ஓய்வு கொடுத்துப் புஸ்ஸானா வெக்கியா. மலைமேல் இருந்த இந்த ஊர் 1887 பிப்ரவரி 23 காலை நிலநடுக்கத்தில் இடிந்தது. சாம்பல் புதன் வழிபாட்டுக்குக் கோயிலில் கூடியிருந்தவர்கள்மேல் கூரை விழுந்தது. பிழைத்தவர்கள் கீழே கடலுக்குப் பக்கமாகப் புதிய ஊர் கட்டிக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் காலியாகக் கிடந்த இடிபாட்டில் பிறகு ஓவியர்களும் சிற்பிகளும் வந்து குடியேறி, இன்றும் இருக்கிறார்கள். கூரையில்லாத கோயிலின் சுவர்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. ஏற்றம் செங்குத்து, அப்பாவை டாக்சியில் கூட்டிப்போங்கள். இன்னொரு நாள் தாஜாவின் பழைய ஊருக்குள் நடந்து பார்க்கலாம். பல வளைவுகள் கொண்ட இடைக்காலக் கல்பாலம் ஒன்று ஆற்றின்மேல் நீளமாகக் கிடக்கிறது. சான் லொரென்சோவுக்குக் கிழக்கேயும் ரயில் 2016 டிசம்பரில் உள்ளே போய்விட்டது. அங்கும் விட்டுப்போன தடம் இம்பேரியா பக்கமாகச் சைக்கிள் பாதையாக மாறிக்கொண்டு வருவதால், நீங்கள் போகும் நேரத்தில் கூடுதல் தூரம் கிடைக்கலாம்.

போய்ச் சேர எளிய வழி பிரான்ஸின் நீஸ் விமான நிலையம். அங்கிருந்து ரயிலில் மொனாக்கோ வழியாக வென்திமீலியா வந்து இத்தாலிய ரயிலுக்கு மாற வேண்டும். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். ஷெங்கன் விசா ஒன்றே இரண்டு நாட்டுக்கும் போதும். இறங்குவது பிரான்ஸில் என்றாலும் அதிக நாள் தங்குவது இத்தாலியில் என்பதால் விண்ணப்பத்தை இத்தாலிக்குத்தான் கொடுக்க வேண்டும். சான்ரேமோவின் இப்போதைய ரயில் நிலையம் மலைக்குள் இருக்கிறது. பிளாட்பாரத்திலிருந்து வெளியே வரப் பல நூறு மீட்டர் சுரங்க நடை. பெட்டிகளோடு அப்பாவை அங்கே நடக்கவைக்காமல் ஆர்மாவுக்கான தாஜா - ஆர்மா நிலையத்திலேயே இறங்கிவிடுங்கள். அது கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, அங்கிருந்து டாக்சியோ டவுன் பஸ்ஸோ பிடித்துவிடலாம்.

மற்ற இடங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் பாதையும் பழைய ரயில் தடம்தான், 46 கிலோமீட்டர், 2017இல் திறந்தது, சாலைத் தொந்தரவு கிடையாது. ஆனால் வழியின் பெரும்பகுதி வயல்வெளியும் ஆற்றோரமும்; கடல் டங்கார்வன் ஊருக்கு முந்தைய கடைசிப் பகுதியில்தான் வருகிறது. வானிலையையும் நம்ப முடியாது. பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் போகும் வெலோடிசே 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் தெற்குப் பகுதியில் பைன் காட்டுக்குள் தனிப்பாதை அருமையாக இருக்கிறது. ஆனால் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடலை நீங்கள் பார்ப்பதே அபூர்வம். கடல் வேண்டும் என்று கேட்டவருக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது ஷிமனாமி. ஹிரோஷிமா பக்கத்து ஒனோமிச்சியிலிருந்து ஆறு தீவுகளைத் தாண்டி இமபாரி வரை சுமார் 70 கிலோமீட்டர். 1999இல் முழுப் பாலத் தொடரும் நிறைவடைந்தது. தீவுகளுக்கு நடுவிலுள்ள பாலங்களில் சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது, அங்கே பயமே இல்லை. இன்னோஷிமா பாலத்தில் கார்கள் ஓடும் தளத்துக்கு அடியில் தனித் தளத்தில் போவீர்கள். ததாரா பாலத்தின் இரண்டு கோபுரங்களுக்கு நடுவிலுள்ள நீளம் 890 மீட்டர். கோபுரத்திலிருந்து சாய்வாக இறங்கும் கம்பிவடங்கள் தாங்கும் பாலங்களில், கட்டி முடித்தபோது உலகிலேயே நீளமானது. அதன் கோபுரத்துக்குக் கீழே கை தட்டினால் ஒலி மேலே ஏறி ஏறி எதிரொலிக்கும். ஆனால் தீவுகளுக்குள் நீங்கள் ஓட்டுவது ஊர்ச் சாலையில். இடது ஓரத்தில் நீலக் கோடு வழிகாட்டும், தடுப்பு எதுவும் இல்லை. ஜப்பானிய ஓட்டுநர்கள் பொறுமைசாலிகள், வண்டிகளும் குறைவு, ஆனாலும் லாரி ஒன்று பக்கத்தில் கடக்கத்தான் செய்யும். ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் உயரும் சரிவுப்பாதையில் சுற்றிச் சுற்றி ஏறவும் வேண்டும், ஏனென்றால் கீழே கப்பல் போகப் பாலம் உயரமாக இருக்கிறது.

ஈ.சி.ஆரில் மிரண்ட பெண்ணை முதல் பயணத்திலேயே அங்கே கூட்டிப்போக வேண்டாம். லிகூரியாவில் வண்டி பயமில்லாமல் நான்கு நாள் ஓட்டிப் பழகட்டும். லிகூரியாவில் ஓட்டுவது வலப்பக்கம், ஜப்பானில் நம் ஊர் மாதிரியே இடப்பக்கம் என்பதால் அந்த வகையில் அவளுக்கு ஷிமனாமி இன்னும் இயல்பாக இருக்கும். இரண்டு, மூன்று ஆண்டு கழித்துப் போகும்போது ஒரே நாளில் 70 கிலோமீட்டரை முடிக்க நினைக்காமல், நடுவில் எலுமிச்சைத் தோட்டங்கள் நிறைந்த இகுச்சி தீவின் செதோதாவில் ஓர் இரவு தங்குங்கள். ஒனோமிச்சியிலிருந்து முதல் தீவுக்குப் பாலத்தில் போகாமல் சிறு படகில் சைக்கிளை ஏற்றிப் போங்கள். அங்கே பாலத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை இல்லை, படகுக்குச் சில நிமிடம்தான் ஆகும்.